ஒரு தட்டு என்றால் எரிகிறது

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதுவும் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில். எழுத்து கோணலாக இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வரும், சில இடத்தில் சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பேன். மறதியும் அதிகமாகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே.

ஒர்க்‌ஷாப்பை இப்போது நடத்துகிற ஷாகிதா போன மாதம் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். "ஆண்ட்டி, புதுசா ஆறு பேர் சேர்ந்திருக்காங்க. வயரிங்லாம் படிச்சிட்டுதான் வந்திருக்காங்க. அது வேணாம். நீங்க பார்த்தது எதாவது எழுதிக் கொடுங்க" என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. வாயால் சொல்வதென்றால் முடியாது என்றே சொல்லியிருப்பேன். எழுதுவதென்றால் எதிரே யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் சரி என்றேன்.

மந்தைவெளியில் நீங்கள் வேலை செய்கிற அதே ஒர்க்‌ஷாப்புக்கு நான் கார் சீட்டுக்கு உறை தைக்கத்தான் வந்தேன். அப்போது ஷாகிதாவின் அப்பா மேஸ்திரி. எல்லாரும் பாய் என்போம். ஒருநாள் ஒரு காரில் மீட்டருக்குப் பின்னால் இருக்கிற வயரைப் பிடிக்க அவர் கை நுழையவில்லை. என் கை சின்னக் கை. "லூர்தம்மா, இங்க வா, கையை விடு" என்றார். விட்டேன். அன்றிலிருந்து பாதி நாள் தையல், பாதி நாள் வயர். பிறகு முழுக்க வயர்.

பிரேக் லைட் சோதிக்கும்போது ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார், ஒருவர் பின்னால் நின்று எரிகிறதா என்று சொல்ல வேண்டும். பின்னால் நிற்பது என் வேலை. எனக்குச் சத்தமாகப் பேச வராது. பாய் உள்ளிருந்து "எரியுதா?" என்று கத்துவார். நான் "எரியுது" என்பேன். அவருக்குக் கேட்காது. மறுபடி கத்துவார். நான் மறுபடி அதே குரலில் சொல்வேன். கடைசியில் இறங்கி வந்து, "யம்மா, நீ பேசுறது உனக்காச்சும் கேக்குதா?" என்பார். ஒருநாள் சலித்துப்போய், "வாயே தொறக்க வேணாம். டிக்கியில தட்டு. ஒரு தட்டுன்னா எரியுது. ரெண்டுன்னா எரியல" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் கடையில் எல்லாரும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். போன மாதம் நான் வந்தபோது உங்களில் ஒரு பெண் நல்ல குரலை வைத்துக்கொண்டு டிக்கியில் தட்டிக்கொண்டிருந்தாள். ஏன் தட்டுகிறாய் என்று கேட்டேன். "இங்க அப்படித்தான் ஆண்ட்டி" என்றாள். அதைக் கேட்டதிலிருந்துதான் இதை எழுத வேண்டும் என்று எனக்கே தோன்றியது.

நம் கடை வாசல் மேற்கே பார்த்தது. கார் மூக்கை உள்ளே விட்டு நிற்கும், வால் தெருவைப் பார்த்திருக்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் எதிர் டீக்கடைக் கூரைக்கு மேலாக வெயில் சாய்ந்து நேராகப் பின்விளக்கில் விழும். பின்விளக்குக் கண்ணாடி சிவப்பு. உள்ளே வெள்ளித் தகடு. வெயிலை வாங்கி அப்படியே திருப்பி அடிக்கும். அந்த நேரத்தில் நின்றபடி பார்த்தால் எரியாத விளக்கும் எரிகிற மாதிரி இருக்கும். இதை நான் வந்த கொஞ்ச நாளிலேயே கண்டுகொண்டேன். அதனால் சாயங்கால நேரத்தில் விளக்குப் பார்க்கும்போது குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, முந்தானையை இழுத்து விளக்கின் மேல் நிழல் கட்டி, அதற்குள் முகத்தை வைத்துப் பார்ப்பேன். நிழலில் பார்த்தால் விளக்கு பொய் சொல்லாது.

எதிர் டீக்கடையில் எப்போதும் நான்கு பேர் இருப்பார்கள். முந்தானையைக் காருக்குக் காட்டுகிற பொம்பளையைப் பார்த்தால் சும்மா இருப்பார்களா?

"மச்சி, அக்கா காருக்கு சுத்திப் போடுதுடா."

"யக்கா, நம்ம ஆட்டோவுக்கும் கண்ணு பட்டுகீது, வந்து கழி."

கெட்டவர்கள் இல்லை. பொழுது போகாதவர்கள். ஆனால் எனக்கு முதுகெல்லாம் எரியும். அவர்கள் பக்கம் திரும்பாமலே எழுந்து உள்ளே போய்விடுவேன்.

இனி ஒரு மாமியைப் பற்றிச் சொல்கிறேன். அது சிரிப்பான விஷயம்தான். ஆனால் அதிலிருந்துதான் எங்கள் புத்தி கெட்டது.

மாமி மயிலாப்பூர் குளத்துப் பக்கம். சின்னப் பழைய கார், அவரேதான் ஓட்டுவார். டாஷ்போர்டில் பிரேக்குக்கு உண்டான சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது என்று வந்தார். "ரெண்டு எடத்துல காமிச்சாச்சு. ஒருத்தன் பிரேக்கையே மாத்தணுங்கறான், இன்னொருத்தன் காரையே மாத்தணுங்கறான். நாலு நாளா இது என்னை முழிச்சுப் பார்த்துண்டே இருக்கு. ஆத்துக்காரர் மாதிரி" என்றார். பாய் சிரித்துக்கொண்டே சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். நான் மீட்டரைப் பார்க்க உள்ளே உட்கார்ந்தேன். ஹேண்ட் பிரேக் கம்பி முழுக்கக் கீழே போகாமல் ஒரு விரல் அளவுக்குத் தூக்கி நின்றது. கீழே கையை விட்டுப் பார்த்தேன். காய்கறி வாங்குகிற துணிப்பை, நான்காக மடித்து அங்கே செருகியிருந்தது. உருவினேன். கம்பி இறங்கியது. விளக்கு அணைந்தது.

மாமி தலையில் அடித்துக்கொண்டார். "கத்திரிக்கா வாங்கப் போறச்சே நான்தான் சொருகினேன். கர்மம்!" கடையே சிரித்தது. பாய் எல்லார் முன்னாலும், "லைட்டு பொய் சொல்லும் பா. நம்ம லூர்தம்மா கண்ணு பொய் சொல்லாது" என்றார்.

அந்தப் பேச்சு கடையில் ஒட்டிக்கொண்டது. எந்தக் கார் எந்த விளக்கோடு வந்தாலும் அதையே சொல்வார்கள். எனக்கும் பிடித்திருந்தது. படிக்காதவளுக்கு அப்படி ஒரு பெயர் கிடைத்தால் பிடிக்கத்தானே செய்யும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மாமி காரில் விளக்கு பொய் சொல்லவே இல்லை. ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கவில்லை என்று அது நான்கு நாளாக உண்மையைத்தான் சொன்னது. கேட்கத் தெரியாதவர்கள் நாங்கள். அதை விட்டுவிட்டு விளக்கு பொய் சொல்லும் என்று படித்துக்கொண்டோம்.

கன்னியப்பனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கன்னியப்பன் ஊரூர் குப்பத்துக்காரர். அப்பா, அண்ணன், தம்பி எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் டிரைவர். "கடல்ல எறங்கினா எனக்கு வாந்தி வந்துரும்க்கா. மீன் புடிக்கப் போயி நானே மீனுக்குத் தீனி போட்டுட்டு வருவேன். அதான் ரோட்டுக்கு வந்துட்டேன்" என்பார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் வேலை. வயதானவர், கணவர் இல்லை. கணவர் வாங்கி வைத்த பெரிய சீமைக் காரை விற்க மனசில்லாமல் வைத்திருந்தார். பத்தொன்பது வருஷமாக அந்தக் காரைக் கன்னியப்பன்தான் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் குப்பத்தில் தன் அக்கா விற்கிற மீனில் நல்லதாகப் பார்த்து, ஐஸ் போட்டு, டிக்கியில் வைத்து அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தம்மாவுக்குக் கிழங்கான் மீன் என்றால் உயிர்.

அந்தக் காரில் ஒரு ஏற்பாடு இருந்தது. பின்னால் பிரேக் லைட் எரியவில்லை என்றால் முன்னால் மீட்டரில் மஞ்சளாக ஒரு பல்பு படம் வரும். பின்னால் போய்ப் பார்க்காமலே டிரைவருக்குத் தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடு.

முதல் தடவை அந்த மஞ்சள் விளக்கு வந்தபோது காரணம் சுலபமாகத் தெரிந்தது. பிரகாசமாக இருக்கும் என்று கன்னியப்பன் புதுப்பேட்டையில் எல்.இ.டி. பல்பு வாங்கிப் போட்டிருந்தார். அது இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான். பழைய கார் அதைப் பல்பு என்றே ஒத்துக்கொள்ளவில்லை. பழைய மாதிரி பல்பைப் போட்டோம், மஞ்சள் விளக்கு போய்விட்டது. "லைட்டு பொய் சொல்லும்" என்று கடையில் ஒருமுறை சொல்லிச் சிரித்தார்கள்.

இரண்டு மாதத்தில் மறுபடி வந்தார். இப்போது விளக்கு வருகிறது, போகிறது. கடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் எல்லாம் எரிகிறது. காலை நேரம், நன்றாகப் பார்த்துத்தான் ஒரு தட்டு தட்டினேன். உள்ளே இருக்கிற கன்ட்ரோல் பாக்ஸ் கெட்டிருக்கும், அது இப்போது கிடைக்காது என்று பாய் சொன்னார். கன்னியப்பன் போகாமல் நின்றார்.

"அக்கா, உன்னாண்ட சொல்றேன். அம்மாவோட புள்ள வெளிநாட்டுலேர்ந்து வந்துகீறாரு. வண்டிய வித்துடு, வேணுங்கறப்ப டாக்சி புடிச்சிக்கலாம்னு அம்மாவ நச்சரிச்சிக்கினு கீறாரு. அம்மா, வண்டி ஓடுற வரைக்கும் கன்னியப்பன் இருப்பான்னு சொல்லிட்டாங்க. இப்ப இந்த மஞ்சா லைட்ட பாத்தாருன்னா போச்சு. வண்டி போனா நானும் போய்ட்டேன். பொண்ணு நந்தனம் காலேஜ்ல ரெண்டாவது வருஷம்க்கா."

"சரி பண்ணிடலாம்" என்றேன். வேறு என்ன சொல்ல.

மூன்றாவது தடவை அவர் வந்தது சாயங்காலம். நான்கரை மணி இருக்கும். டாக்டரம்மாவின் மகன் அடுத்த நாள் காரை எடுத்துக்கொண்டு மகாபலிபுரம் போகப்போகிறார் என்றும், அதற்குள் விளக்கை எப்படியாவது அணைக்க வேண்டும் என்றும் கன்னியப்பன் கெஞ்சினார். சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போனார்.

பாய் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பின்னால் போனேன். நேர் வெயில். வழக்கம்போல உட்காரப் போய் முந்தானையில் கை வைத்தேன்.

"எடுத்துச்சிடா மச்சி, அக்கா முந்தானைய எடுத்துச்சி!"

"நைனா, கற்பூரம் கொண்டா!"

அன்றைக்குக் கூட்டம் அதிகம். எல்லாரும் சிரித்தார்கள். முந்தின வாரம்தான் மாதா கோயிலில் எங்கள் பங்கைச் சேர்ந்த பெண் ஒருத்தி, "கடை வாசல்ல உக்காந்து என்னமோ பண்றீங்களாமே" என்று கேட்டிருந்தாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. முந்தானையை விட்டுவிட்டேன். உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தேன். இரண்டு விளக்கும் சிவப்பாக இருந்தன.

ஒரு தட்டு தட்டினேன்.

பாய் உள்ளிருந்து, "பின்னாடி எரியுது, இங்க எரியலன்னு காட்டுது. பொய் சொல்ற லைட்டு எதுக்கு? கழட்டிடு லூர்தம்மா" என்றார். நான் உள்ளே வந்து மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு அந்தக் குட்டி பல்பைத் திருகி எடுத்தேன். உளுந்து அளவுதான் இருக்கும். சூடாக இருந்தது. அதை என் ஊசி நூல் டப்பாவில் போட்டேன்.

கன்னியப்பன் வந்து மீட்டரைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "போச்சா! அக்கா, உன் கைக்குத் தங்க வளையல் போடணும்."

"இனிமே வராது பா. போ" என்றார் பாய்.

சரியாகிவிட்டதா, கழற்றிவிட்டோமா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்கு உதவி செய்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தோம். பிள்ளைகளே, நான் சத்தியமாகச் சொல்கிறேன், அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஒன்பது நாள் கழித்து, அடையாறு பாலத்துக்கு ஏறுகிற இடத்தில், பட்டப்பகலில், முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. கன்னியப்பன் பிரேக் போட்டார். அவர் கார் நின்றது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஒரு டீச்சர் நிற்கவில்லை. கார் நிற்கிறது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல எந்த விளக்கும் எரியவில்லை. முழங்கால் நொறுங்கிவிட்டது. இருபத்தாறு வயது. மாதக் கணக்கில் படுக்கை. பிறகு நடந்தாள், ஆனால் விந்தி விந்தித்தான் நடக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை.

கன்னியப்பன்தான் பாய்க்கு போன் செய்து சொன்னார். நான் நம்பவில்லை. எரிந்ததே, நான் பார்த்தேனே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் வேறொரு கார் அதே இடத்தில் நின்றது. நான் பின்னால் போய் நின்றேன். இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையோடு உள்ளே பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை. சாவிகூட இல்லை. வெறும் காரில் வெயில் எரிந்துகொண்டிருந்தது.

எதிர்க்கடையில் யாரோ ஏதோ சொன்னார்கள். காதில் விழவில்லை.

இதை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்தபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எனக்காகச் சொல்லிவிடக் கூடாது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மாவின் மகன், இன்சூரன்ஸுக்குப் பார்க்கிற ஒரு ஆள், கன்னியப்பன் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். காரை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த ஆள் டிக்கியைத் திறந்து அடியில் இருந்த விரிப்பைத் தூக்கினார். மீன் நாற்றம் குப்பென்று வந்தது. பின்விளக்கு இரண்டிலிருந்தும் கரண்ட் திரும்பிப் போகிற எர்த் வயர் ஒரே போல்டில் இருந்தது. அந்த போல்ட் துருப்பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. வயர் சும்மா உட்கார்ந்திருந்தது. சில நேரம் ஒட்டும், சில நேரம் ஒட்டாது. வருஷக் கணக்காக ஐஸ் தண்ணி ஒழுகி ஒழுகி அப்படியாகியிருந்தது. மஞ்சள் விளக்கு வந்து வந்து போனதற்கு அதுதான் காரணம். நாங்கள் அந்த விரிப்பை ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்க்கவில்லை. டிக்கி மேல் தட்டினோம், உள்ளே பார்க்கவில்லை.

"எங்க அப்பா காரை மீன் வண்டி ஆக்கியிருக்கான்" என்றார் மகன்.

"அம்மாவுக்குத்தான் சார்…" என்று கன்னியப்பன் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

பிறகு அந்த ஆள் மீட்டரைப் பார்த்தார். "இந்த வண்டியில வார்னிங் வருமே, ஏன் வரல?" என்று கழற்றினார். "பல்பே இல்ல. யாரோ எடுத்திருக்காங்க. யாரு?"

பாய்தான் முதலில் பேசினார். "நம்ம கடைய விட்டுப் போகும்போது பிரேக் லைட்டு எரிஞ்சுது சார். லூர்தம்மா பார்த்தாங்க."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையை ஆட்டினேன்.

"பல்ப்?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த கை. நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பா என் பின்னால் அலமாரியில்தான் இருந்தது, இரண்டடி தூரத்தில்.

கன்னியப்பன் சொன்னார்: "அக்கா பாத்தா சரியாத்தான் சார் இருக்கும். அவங்க கண்ணு தப்பாது. பல்பு இன்னாச்சின்னு எனக்குத் தெர்ல."

"உனக்குத் தெரியாதா? லைட் வந்தா காரை வித்துடுவோம்னு பயந்து நீயே எடுத்துட்டே. அம்மாகிட்ட விளக்கு சரியாயிடுச்சுன்னு சொன்னது யாரு? நீதானே?" என்றார் மகன்.

"சார், சாமி சத்தியமா…"

"போதும்."

இவ்வளவுதான் நடந்தது. ஐந்து நிமிஷம் இருக்காது. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். எனக்கு எப்போதும் குரல் வராது, அதனால் வரவில்லை என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். குரல் வேண்டியதில்லை. அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்திருந்தால் போதும்.

சாயங்காலம் கடை மூடும்போது பாய் வந்து என் பக்கத்தில் நின்றார். "நான்தானே கழட்டச் சொன்னேன். நானே சொல்லியிருக்கணும் லூர்தம்மா. நாளைக்கு அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்றார். சரி என்றேன். மறுநாள் அவருக்கு வேலை இருந்தது. அதற்கு மறுநாள் எனக்கு. இப்போது பாய் இல்லை. அவரை நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது, ஷாகிதாவும் நினைக்கக் கூடாது. கடையில் அத்தனை பேர் பிழைப்பு இருந்தது, அதைத்தான் அவர் நினைத்திருப்பார். விளக்கு எரிகிறது என்று சொன்னது நான். அவர் என்னை நம்பினார்.

கன்னியப்பனை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். பிரேக் லைட்டைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டியவன் என்று அந்தப் பக்கம் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. பிரேக் லைட்டையும் மீட்டர் பல்பையும் பேசுகிறவர்கள் பிரித்தா பேசுவார்கள்? எந்த வீட்டிலும் சாவியைக் கொடுக்கவில்லை. இப்போது பெசன்ட் நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் கேட் திறந்து மூடுகிற வேலை. உள்ளே போகிற கார்களுக்கெல்லாம் அவர்தான் கை காட்டி வழிவிடுகிறார். அவர் பெண் மூன்றாவது வருஷம் படித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

ஒருமுறை அவரைப் பார்த்தேன். எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு. குப்பத்துச் சந்தில் மீன் வாங்கப் போயிருந்தேன். தன் அக்காவின் கடைப் பலகைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"லூர்தக்கா! இன்னாக்கா இப்டி எளைச்சிட்ட? கண்ணாடி போட்டுகினியா?"

"ஆபரேஷன் பண்ணினாங்க."

"நல்லாத் தெரியுதா இப்ப?"

"தெரியுது."

"அதான வேணும். உன் கண்ண நம்பி எவ்ளோ வண்டி ஓடிச்சு" என்றார். குத்திச் சொல்லவில்லை. அவர் முகம் எனக்குத் தெரியும், குத்திச் சொல்கிற முகம் இல்லை அது. கிழங்கான் நான்கைந்து எடுத்துத் தாளில் சுற்றி என் பையில் போட்டார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். என் கை தானாகப் போய் அந்த மீன் பலகையில் இரண்டு தட்டு தட்டியது.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல" என்று வந்துவிட்டேன்.

பிள்ளைகளே, நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பின்விளக்கை வெயிலில் பார்க்காதீர்கள். உட்கார்ந்து, துணியோ அட்டையோ பிடித்து, நிழலில் பாருங்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், சிரிப்பால் யாருக்கும் முழங்கால் போகாது. விளக்கு வந்து வந்து போனால் முதலில் எர்த் வயரைத் தேடுங்கள், விரிப்பைத் தூக்குங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அது எதைச் சொல்கிறது என்று தெரிகிற வரை அதை அணைக்காதீர்கள். பாவப்பட்டு அணைக்கவே அணைக்காதீர்கள். நாங்கள் பாவப்பட்டுத்தான் அணைத்தோம். நின்றபடி பார்த்திருந்தால், சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள். தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். அன்றைக்குச் சொல்வது கஷ்டம். மறுநாள் அதைவிடக் கஷ்டம்.

ஷாகிதா, இந்த நோட்டோடு என் ஊசி நூல் டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பல்பு அதில்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் அதைத் தள்ளித் தள்ளித்தான் ஊசி எடுத்தேன். நான் எழுதினதில் தப்பு இருக்கும், யாராவது சரிபார்க்க வேண்டும். உங்களில் யாருக்கும் அது முடியாது. அன்றைக்கு இருந்தவர்களில் கேட்டுப் பார்க்கக்கூடியவர் கன்னியப்பன் ஒருவர்தான். அவரிடம் போய் இதை முழுக்கப் படித்துக்காட்டுங்கள். படித்துக்காட்டிவிட்டு டப்பாவைக் கொடுங்கள். அவர் கடைக்கு மூன்று தடவை வந்தாரா, நான்கு தடவையா என்று கேளுங்கள். ஒன்பது நாளா, பத்து நாளா என்று கேளுங்கள். மகன் பேசியதை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று எதிர்க்கடையில் சிரித்தவர்களோடு கன்னியப்பனும் சிரித்தார் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. இப்போது எழுதும்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் திரும்பியே பார்க்கவில்லை. யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அதையும் அவரிடம் கேளுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதை எழுதிக்கொண்டு, நான் எழுதினதை அடித்துவிடுங்கள்.